முந்திரிகைத் தோட்டத்தை மாறும் காலநிலைக்குத் தயார்படுத்தல்: யாழ்ப்பாணத்துக்கான முழுமையான வழிகாட்டி

முந்திரிகை, அதாவது திராட்சை, வைக்கப்போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "நல்ல கன்று எங்கை எடுக்கலாம்?" கன்று ஐந்தாவது இடத்தில் வரவேண்டிய விஷயம். அதற்கு முதல் கிணறு, நிலம், பந்தல், காற்று என்று நான்கு இருக்கின்றன. இந்த ஒழுங்கு மாறினால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திருத்துவது கஷ்டம்.

முன்பு மாரி எப்போது தொடங்கும், எப்போது ஓயும் என்று மாதக் கணக்கில் சொல்லிவிடலாம். இப்போது தை மாதத்திலும் தாழமுக்கம் வருகிறது. 2023 பெப்ரவரி தொடக்கத்தில் ஒன்று கிழக்குக் கரையைக் கடந்தது. சித்திரை வெயில் கூடுகிறது, இரவுச் சூடு இறங்குவதில்லை, பெய்தால் ஒரே நாளில் கொட்டுகிறது. ஆகவே கீழே சொல்லும் படிகள் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: மழையும் வெயிலும் காலம் தவறி வந்தால் இந்தக் கொடி என்ன செய்யும்?

கணக்கெல்லாம் ஒரு பரப்புக்குச் சொல்கிறேன். 16 பரப்பு ஒரு ஏக்கர், 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஒரு பரப்புக்கு 25 கொடி அளவில் பிடிக்கும்.

1. தொடங்க முன் கையில் இருக்கவேண்டியவை

ஒரு ஈசி மீற்றர், அதாவது தண்ணீரின் உப்பை மின்கடத்துதிறனாகக் காட்டும் பேனா அளவுக் கருவி. ஒரு மழைமானி, கடையில் கிடைக்காவிட்டால் நேர்ச்சுவர் உள்ள தகரப் பேணியும் அடிமட்டமும் போதும். கூரான வெட்டுக் கத்தரி, அதைத் துடைக்க ஸ்பிரிட். அலவாங்கு, மண்வெட்டி. ஒரு கொப்பி.

கொப்பியைக் கடைசியாகச் சொன்னதற்காக அதை விட்டுவிடாதீர்கள். கொடியைக் கவாத்துச் செய்து வெட்டிய நாள், முளை வந்த நாள், பூத்த நாள், பழம் பறித்த நாள், மழை மில்லிமீற்றர், கிணற்று உப்பு இவ்வளவும் அதில் இருந்தால்தான் 8ஆம் படி வேலை செய்யும். பக்கத்துத் தோட்டத்தின் நாட்கள் உங்கள் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாது.

2. கிணற்றை அளவுங்கள்

குடாநாட்டில் நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழை நீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. கணக்குப்படி நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நிலத்துக்குள் இது உடனே நடக்காது என்றாலும் போகிற திசை அதுதான். ஆடி ஆவணியில் பெரிய மெஷின் போட்டு ஒரே மூச்சில் இறைக்கிற கிணறு கசக்கத் தொடங்குவது இதனால்தான்.

என்ன செய்வது? மாதத்துக்கு ஒரு தடவை, இறைக்க முதலும் இறைத்து முடிந்த பின்னும் அளவுங்கள். முந்திரிகை உப்பை ஓரளவுக்குத்தான் தாங்கும். பாசன நீர் மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸ் வரை கவலை இல்லை, 1.7 அளவில் விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறையும், 2.7 போனால் காற்பங்கு போய்விடும். பேனாக் கருவி மைக்ரோசீமன்ஸில் காட்டினால் 1000 என்பது 1 டெசிசீமன்ஸ்.

புதியவர்கள் அநேகமாகத் தை மாதத்தில் அளந்துவிட்டு "தண்ணி நல்லம்" என்று முடிவெடுக்கிறார்கள். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறும் நல்லதாகத்தான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் வரும் எண்தான் உங்கள் கிணற்றின் உண்மையான எண். அது 2.5க்கு மேலே என்றால் அந்தக் காணியில் முந்திரிகை வேண்டாம் என்பேன்.

இறைப்பைக் காலையும் மாலையுமாகப் பிரித்து, சின்ன மோட்டரில், நேரம் எடுத்து இறையுங்கள். கூரைத் தண்ணீரையும் காணித் தண்ணீரையும் தெருவுக்கு விடாமல் கிணற்றிலிருந்து தள்ளி ஒரு குழிக்குள் இறக்குங்கள். நேரே கிணற்றுக்குள் விடக்கூடாது. தெரு அழுக்கும் மருந்துக் கழிவும் சேர்ந்து போகும்.

3. நிலம்: ஆழமும் வடிகாலும்

உரும்பிராய், கோண்டாவில், இணுவில், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண் தண்ணீரை நன்றாக இறக்கும், ஆனால் பல காணிகளில் இரண்டு மூன்று அடியிலேயே கல் வந்துவிடும். நாலைந்து இடத்தில் அலவாங்கால் குத்திப் பாருங்கள். இரண்டடிக்குக் குறைவாகக் கல் இருக்கும் இடத்தில் வேர் மேலாகவே ஓடும், கோடையில் முதலில் வாடுவதும் அந்த வரிசைதான். அங்கே கொடி வைப்பதென்றால் கல்லை உடைத்துக் குழி எடுக்கவேண்டும், அல்லது அந்த மூலையை எருக்குழிக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து வடிகால். 2008 நவம்பர் நிஷா புயலிலும் 2020 டிசம்பர் புரெவி புயலிலும் குடாநாட்டில் தண்ணீர் நின்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காணியில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடுகிறது என்பதை ஒரு மாரி முழுக்கப் பார்த்து அடையாளம் போடுங்கள். வரிசைகளுக்கு நடுவே ஓரடி ஆழ வாய்க்கால் எடுத்து, அந்த மண்ணை வரிசையில் ஏற்றிவிட்டால் கொடி மேட்டிலும் தண்ணீர் பள்ளத்திலும் இருக்கும். வாய்க்காலின் கடைசி எங்கே போய் முடிகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. பக்கத்துக் காணிக்குள் முடிந்தால் மழையை விடப் பெரிய பிரச்சினை வேலிக்கு அப்பால் இருந்து வரும்.

இதைக் கொடி நட முதல் செய்யவேண்டும். நட்ட பிறகு வாய்க்கால் வெட்டினால் வேரும் சேர்ந்து வெட்டுப்படும்.

4. பந்தல்

நம் ஊரில் ஆறு, ஆறரை அடி உயரத்தில் தட்டைப் பந்தல்தான் வழக்கம், அது நல்லதும்கூட. குலை இலைக்குக் கீழே தொங்கும், நேர் வெயில் படாது. ஆனால் கார்த்திகையில் இலை நிறைந்த பந்தல் காற்றுக்கு விரித்துவைத்த பாய் மாதிரி.

ஆகவே பலம் முழுக்க ஓரத்தூண்களுக்குப் போகவேண்டும். மூலைத் தூண் மூன்றடி ஆழத்தில், கொங்கிறீட் போட்டு, உச்சி சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஒவ்வொரு ஓரத்தூணிலிருந்தும் வெளியே ஒரு இழுகம்பி நிலத்துக்குள் புதைத்த கல்லுக்குப் போகவேண்டும். நடுவில் நிற்பவை பாரம் தாங்கினால் போதும், அவற்றுக்கு மரக்கப்பும் சரி. ஓரத்துக்குத் தடித்த கம்பி, உள்ளே மெல்லியது, ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி.

காசைச் சேமிக்க நினைத்துப் பலர் விடுவது இந்த இழுகம்பியைத்தான். ஒரு மூலை விட்டுக்கொடுத்தால் கம்பி தளர்ந்து, காய்த்த கொடி நடுவில் படுத்துவிடும். படுத்த பந்தலைக் கொடியோடு சேர்த்து நிமிர்த்துவது லேசான வேலை இல்லை. முடிந்தால் இரண்டு மூன்று பரப்பையும் ஒரே பந்தலாகப் போடாமல் பரப்புக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

5. காற்று மறைப்பு

சோளகம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். இளந்தளிரை முறிக்கும், இலையைக் கிழிக்கும், எல்லாவற்றையும் விட மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். தெற்கு, மேற்கு எல்லைகளில் பூவரசும் சீமைக்கிளுவையும் கலந்து உயிர்வேலி போடுங்கள். இரண்டும் வெட்ட வெட்டத் துளிர்க்கும், வெட்டிய குழை தோட்டத்துக்கே பசளை.

மதிலோ தகரமோ அடைப்பவர்களைப் பார்க்கிறேன். காற்று தகரத்தில் மோதி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். பந்தலின் முதல் இரண்டு வரிசை நாசம். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கிற வேலிதான் வேண்டும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும், 10 அடி வேலிக்கு 100 அடி. வேலி வளர இரண்டு வருடம் எடுக்கும் என்பதால் இது நடுகைக்கு முதல் வருகிறது. அதுவரை பனையோலையை ஐதாகக் கட்டிச் சமாளிக்கலாம்.

6. கன்றும் நடுகையும்

யாழ்ப்பாணத்தில் பரவலாக இருப்பது இஸ்ரேல் புளூ. நம் வெயிலுக்குப் பழகியது, காய்ப்பும் சரி. அநேகமானவை தடியில் இருந்து வேர் விட்ட கன்றுகள், ஒட்டு இல்லை. மகாராஷ்டிரத்தில் வரட்சிக்கும் உப்புக்கும் டொக்றிட்ஜ் என்ற வேர்க்கட்டையில் ஒட்டி நடுகிறார்கள். கேட்டவுடன் இந்தியா போய்வரும் யாரிடமாவது தடி சொல்லிவிடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி இல்லாமல் தடி கொண்டுவருவது சட்டத்துக்குப் பிழை. இங்கே இல்லாத நோய் ஒன்று ஒரு தடியோடு இறங்கினால் ஊர் முழுக்கப் போய்விடும். விவசாயப் போதனாசிரியரிடமோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்திலோ என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

குழி மூன்றடிச் சதுரம், கல் விட்ட அளவுக்கு ஆழம். அடியில் பனையோலை, குழை, மேலே மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஒரு மாதமாவது ஆறவிடுங்கள். பச்சை எருவோடு உடனே நட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். நடுவது மாரி பிந்திய பகுதியில், மார்கழி நடுவுக்குப் பின். நிலம் ஈரம், வெயில் மட்டு, சோளகம் வர முதல் வேர் பிடிக்க நான்கைந்து மாதம் கிடைக்கும்.

7. மண்ணை மூடுதல், தண்ணீர் கொடுத்தல்

வெறும் செம்மண் பங்குனி வெயிலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மேல்வேர் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. நாலு அங்குலத் தடிப்பில் பனையோலை, வைக்கோல், பொச்சுமட்டை, வேலிக் குழை, எது கிடைத்தாலும் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி அரையடி விட்டுப் போடவேண்டும், ஒட்டிப் போட்டால் கறையானும் அழுகலும் வரும். மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போதே மூடுங்கள். காய்ந்த பிறகு மூடினால் காய்ச்சலைத்தான் மூடிவைப்பீர்கள்.

தண்ணீரின் அளவை இப்படிக் கணக்குப் பாருங்கள். ஒரு கொடிக்கு 10க்கு 10 அடி, அதாவது 9 சதுர மீற்றருக்குச் சற்று மேல். சோளகக் காலத்தில் இலை நிறைந்த பந்தல் நாளுக்கு மூன்றரை மில்லிமீற்றர் அளவில் குடிக்கும் என்று வைத்தால், ஒரு மில்லிமீற்றர் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்பதால், நாளுக்கு 30 லீற்றருக்குச் சற்று மேலே வரும். 25 கொடிக்கு 800 லீற்றர். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பாத்திக்கு இறைக்கும் தண்ணீரை அளந்து பாருங்கள், எவ்வளவு வீணாகிறது என்று தெரியும்.

சொட்டுநீர் நல்லம், ஆனால் நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், துவாரம் வெள்ளையாகக் கட்டிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை குழாயின் கடைசி மூடியைத் திறந்து கழுவிவிடுங்கள், ஒரு சொட்டு வாய்க்குக் கீழே பேணி வைத்துப் பத்து நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். புதியவர்கள் குழாய் ஈரமாக இருந்தால் தண்ணீர் போகிறது என்று நினைக்கிறார்கள். வரிசையின் கடைசிக் கொடி வாடிய பிறகுதான் விஷயம் தெரியும்.

கிணறு கொஞ்சம் உப்பு என்றால் தினமும் சொட்டாகக் கொடுப்பதோடு இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறையக் கொடுத்து, உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். பொட்டாசியத்துக்கு மியூறியேற் பொட்டாசு வேண்டாம், அதில் குளோரைட்டு இருக்கிறது. சல்பேற் வகை வாங்குங்கள், விலை கூடத்தான். நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே அதிகம், யூரியாவைக் கை நிறைய அள்ளி வீசத் தேவையில்லை. தளதளவென்று இலை வந்தால் நோயும் வரும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது யூரியாக் குறைவு இல்லை, சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கிடைக்காமல் வருவது. அன்னபேதியை (இரும்புச் சல்பேற்) மண்ணில் போட்டால் மண் அதைக் கட்டிவைத்துவிடும். லீற்றருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைக்கு விசிறுங்கள்.

8. வெட்டும் நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

முழுத் தோட்டத்தின் தலையெழுத்தும் இந்த ஒரு படியில் இருக்கிறது. நம் நாட்டில் குளிர்காலம் இல்லாததால் கொடி தானாக உறங்கி எழும்பாது. நீங்கள் வெட்டுகிற அன்றுதான் அதற்கு வருடம் பிறக்கிறது. காலநிலை எவ்வளவு குழம்பினாலும் இந்த நாள் உங்கள் கையில்.

வெட்டியதிலிருந்து முளைக்க 10, 12 நாள், பூக்க 35 முதல் 40 நாள், பழுக்க ஏறத்தாழ 110 முதல் 120 நாள். இதில் இரண்டு இடத்தில் மழை ஆகாது. பூக்கும் கிழமையில் பெய்தால் பூ கொட்டும், காய் பிடிக்காது. கடைசி மூன்று நான்கு கிழமையில் பெய்தால் பழம் வெடிக்கும், அழுகும். மற்ற நேரத்தில் மருந்தாலும் வடிகாலாலும் சமாளிக்கலாம்.

முதல் போகம்: சித்திரை நடுவில் இடிமழை தொடங்கலாம், ஆகவே ஏப்ரல் 20க்கு முன் பறித்து முடிக்கவேண்டும். 120 நாள் பின்னால் எண்ணினால் டிசம்பர் 20. பூ ஜனவரி கடைசியில் வரும். இரண்டாம் போகம்: ஒக்ரோபர் 10க்கு முன் முடியவேண்டும். 120 நாளோடு பத்து நாள் கையிருப்பும் சேர்த்துப் பின்னால் எண்ணினால் ஜூன் 2, அதாவது வைகாசி நடுக்கூறு. ஆனி கடைசியில் வெட்டினால் ஐப்பசி கடைசி மழையில் பழம் நிற்கும். விலை கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், காது கொடுக்காதீர்கள்.

சரி, டிசம்பர் 20இல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தால்? தோட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். பாதியை டிசம்பர் 20 அளவில் மழை விட்ட இடைவெளியில் வெட்டுங்கள், மற்றப் பாதியை ஜனவரி 10 அளவில். ஒரு தாழமுக்கம் வந்து ஒரு பாதியின் பூவைக் கொட்டினாலும் மற்றது அப்போது முளையிலோ காயிலோ இருக்கும். ஆட்களுக்கும் வேலை நெருக்கடி குறையும், சந்தைக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டவேண்டி வராது.

இதில் ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பறித்த கொடிக்கு ஐந்தாறு கிழமை இலையோடு ஓய்வு வேண்டும், அந்த நேரத்தில்தான் தடியில் சத்துச் சேர்க்கும். டிசம்பர் 20 பாதிக்கு ஏப்ரல் 20இலிருந்து ஜூன் 2 வரை ஆறு கிழமை கிடைக்கிறது. ஜனவரி 10 பாதி மே 10இல்தான் பறியும், சித்திரை இடிமழையில் மாட்டக்கூடும் என்பது ஒன்று, ஜூன் 2க்கு மூன்று கிழமைதான் இருக்கிறது. ஆகவே அந்தப் பாதியை இரண்டாம் போகத்துக்கு வெட்டாதீர்கள், அதற்கு ஒரு போகம் போதும். அடுத்த வருடம் பாதிகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு இரண்டையும் வெட்டுகிறவர்களுக்கு அடுத்த தையில் தடி மெலிந்து, இலை மட்டும் வந்து, "கொடி மலடாப்போச்சு" என்ற புலம்பல்தான் மிச்சம்.

9. வெட்டும் முறை

வெட்ட இரண்டு கிழமைக்கு முன்னிருந்து தண்ணீரைக் குறையுங்கள், தடி முற்றி மண்ணிறமாகட்டும். பச்சைத் தடியில் வெட்டினால் முளை பலமாக வராது.

எத்தனை கண், அதாவது தடியில் முளை வரும் மொட்டு, விட்டு வெட்டுவது? இதற்கு எல்லோரும் ஒரு எண் சொல்வார்கள். போன போகத்தில் வானம் மூடியிருந்ததா, பந்தல் இருண்டிருந்ததா என்பதைப் பொறுத்து அது மாறும். கண்ணுக்குள் பூ உண்டாகிற நேரத்தில் வெளிச்சம் வேண்டும். ஆகவே கொடியிடமே கேளுங்கள். வெட்ட மூன்று கிழமைக்கு முன், பென்சில் மொத்தத்தில் ஐந்தாறு தடி எடுத்து, அடியிலிருந்து முதலாம் கண், இரண்டாம் கண் என்று எட்டு வரை ஒற்றைக் கண் துண்டுகளாக நறுக்கி, இலக்கம் போட்டு, ஈர மணல் தட்டில் நிழலில் குத்திவையுங்கள். முளை இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் விரித்துப் பாருங்கள், கடுகு கொத்தாகச் சேர்ந்தது போன்ற பச்சைப் பூங்கொத்து எந்த இலக்கத்தில் அதிகம் இருக்கிறதோ அந்தக் கண்ணைத் தாண்டி ஒரு கண் விட்டு வெட்டுங்கள். செலவே இல்லாத சோதனை, செய்கிறவர்கள்தான் குறைவு.

சூடு கூடிய வருடங்களில் நுனிக்கண் மட்டும் முளைத்துக் கீழ்க்கண்கள் உறங்கும். தடியை வில்லாக வளைத்துக் கம்பியில் கட்டினால் நுனியின் அதிகாரம் குறைந்து நடுக்கண்களும் எழும்பும். ஐதரசன் சயனமைட்டு என்ற மருந்தும் இதற்கு உலகெங்கும் பாவிக்கிறார்கள், ஆனால் அது தோலுக்கும் மூச்சுக்கும் நஞ்சு, அடித்த நாட்களில் மது குடித்தவர்களுக்கு உயிராபத்தான பாதிப்பு வரும். போதனாசிரியரின் சொல் இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரு கொடி வெட்டி முடிந்ததும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த கொடிக்குப் போங்கள். வெட்டிய தடியையும் இலையையும் பந்தலுக்குக் கீழே விடவேண்டாம், நோய் அதில்தான் குந்தியிருக்கும். அன்றே முழுத் தண்ணீர்.

10. இலையும் குலையும்

முளைத்து மூன்று நான்கு இலை வந்ததும் பூ இல்லாத மெலிந்த முளைகளைக் கிள்ளுங்கள். பந்தலுக்குக் கீழே நின்று நிலத்தைப் பாருங்கள்: நிழலுக்குள் அங்கங்கே வெளிச்சப் பொட்டு ஆடவேண்டும். ஒரே இருட்டென்றால் நோய், ஒரே வெளிச்சமென்றால் பழம் வெந்துவிடும்.

முந்தி குலையைச் சுற்றி இலையை நன்றாகக் களைவது வழக்கம். இப்போதைய பங்குனி, சித்திரை வெயிலுக்கு அது ஆகாது. கிழக்குப் பக்க இலையை மட்டும் எடுங்கள், காலை வெயில் ஈரத்தைக் காயவைக்கும். மேற்குப் பக்கத்தைத் தொடாதீர்கள், பின்னேர வெயிலில் பழம் ஒரு பக்கம் பழுப்பாகிச் சுருங்கும். ஓர வரிசைக்கு மேற்கே மெல்லிய நிழல்வலை கட்டலாம்.

இரவு சூடாக இருக்கும் வருடங்களில் பழம் இனித்தாலும் நிறம் பிந்தும். நிறத்துக்காகக் காத்திருந்து மழையில் மாட்டிக்கொள்ளவேண்டாம். குலையின் நுனிப் பழத்தைச் சுவையுங்கள், கடைசியாகப் பழுப்பது அதுதான். அது இனித்தால் பறிக்கலாம். பறித்த பிறகு முந்திரிகை இனிப்பாகாது, அதனால் முந்திப் பறிப்பதும் பிழை.

11. மருந்து: மழைக்கு முதல்

இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு பிடிக்கும் டவுனி மில்டியு இலை நனைந்து கிடக்கும் நேரத்தில் உள்ளே போகிறது. பஞ்சு தெரிந்த பிறகு அடிப்பது பிந்திய வேலை. மழை வரும் என்ற அறிவித்தல் கேட்டால் அதற்கு முதல் நாள் போர்டோக் கலவை அடியுங்கள்.

10 லீற்றருக்கு 100 கிராம் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்), 100 கிராம் புதிதாக நீற்றிய சுண்ணாம்பு. இரண்டையும் ஐந்தைந்து லீற்றரில் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்புக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் திரிந்து கட்டியாகி விசிறியை அடைக்கும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் தோய்த்து எடுங்கள், செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். அன்றே அடித்து முடியுங்கள். இளந்தளிருக்கு இரண்டையும் பாதியாக்குங்கள், பூக்கும் கிழமையில் அடிக்கவேண்டாம்.

மழையில்லாத மூட்டமான நாட்களில் வரும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் போதும். ஆனால் 32 பாகைக்கு மேல் சூடு உள்ள நேரத்தில் அடித்தால் இலையைச் சுடும், சித்திரையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான். கடையில் வாங்கும் மற்ற மருந்துகளை ஒன்றையே திரும்பத் திரும்ப அடிக்காமல் வகை மாற்றுங்கள், பறிக்க எத்தனை நாள் முன் நிறுத்தவேண்டும் என்பதை லேபலில் பாருங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை காய் இல்லை என்று மருந்தை விட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று மாத இலைதான் அடுத்த போகத்தின் சத்து. இலை கொட்டினால் டிசம்பர் வெட்டு வெறும் தடிக்குத்தான்.

12. புயல் அறிவித்தல் வந்தால்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலுக்கும் காற்றுக்கும் இடையில் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் வாய்க்காலின் கடைசியைத் திறந்து அடைப்பை எடுங்கள். இருட்டிய பிறகு மழையில் இதைச் செய்ய முடியாது. அடுத்து நிழல்வலையையும் பறவை வலையையும் இறக்குங்கள். பிறகு இழுகம்பிகளை இறுக்குங்கள். பந்தலுக்கு மேலே நீண்டு நிற்கும் தளிர்களை வெட்டுங்கள், காற்றுப் பிடிக்கும் பரப்புக் குறையும். முக்கால் பழுத்த குலை இருந்தால் பறித்துவிடுங்கள், விலை குறைவாகப் போனாலும் பரவாயில்லை. நேரம் மிஞ்சினால் போர்டோ.

காற்று ஓய்ந்ததும் முதல் வேலை தண்ணீரை இறக்குவது. சாய்ந்த தூணுக்கு முட்டுக்கொடுங்கள், ஆனால் ஒரே நாளில் முழுவதும் நிமிர்த்த வேண்டாம், வேர் அறும். முறிந்த கொப்பைச் சுத்தமாக வெட்டி வெட்டுவாய்க்குப் போர்டோப் பசை, அதாவது கெட்டியாகக் குழைத்த போர்டோக் கலவை, பூசுங்கள். இலை காய்ந்ததும் ஒரு தரம் செம்பு மருந்து. உரம் போடவேண்டாம், மூச்சு முட்டிய வேர் அதை எடுக்காது, மழையோடு கிணற்றுக்குத்தான் போகும். புதுவேர் ஓட இரண்டு மூன்று கிழமை ஆகும், தளிர் நுனி திரும்ப நிமிர்ந்து வளரத் தொடங்கினால் அப்போது கொஞ்சமாகப் போடலாம்.

இலை முழுக்க உதிர்ந்துபோன கொடி சில நாளில் தானாகவே கண் திறக்கும், அதில் பூவும் வரலாம். அந்தப் பூவைக் கிள்ளிவிட்டு இலையை மட்டும் வளரவிடுங்கள். அந்தக் கொடிகளுக்கு டிசம்பர் 20 வெட்டு வேண்டாம், ஜனவரி 10 பாதியோடு சேர்த்துவிடுங்கள், எந்தெந்தக் கொடி என்று கொப்பியில் குறித்தும் வையுங்கள்.